மனநிறைவுச் செம்மல் ஸ்டீவன்

சின்னமனூர் கடைவீதியில் ஸ்டீவனின் கடைக்குள் நுழைந்தால் உறை போடாத பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. மேசை விசிறிக்கு உறை. தையல் மிஷினுக்கு உறை. உட்காருகிற ஸ்டூலுக்கு உறை, அந்த உறை அழுக்காகிவிடாமல் இருக்க அதற்கு மேலே இன்னொன்று. மிக்சி, கிரைண்டர், டிவி, கேஸ் சிலிண்டர், கார் என்று எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அளவெடுத்து உறை தைத்துக் கொடுப்பார். 'மகிமா கவர் சென்டர்' என்று கடைக்குப் பெயர். வாழைத்தாருக்கே உறை மாட்டி வளர்க்கிற ஊர் என்பதால் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வியாபாரமும் மோசமில்லை.

கடைக்கு மேலே மாடியில் வீடு. மனைவி எப்சிபா போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் ஸ்டீவனும் உறைகளும் மட்டும்தான். ஒரே மகள் மகிமா அயர்லாந்தில் நர்ஸ். போவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் தன் முகம் வரும் என்று சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். செல்போனிலேயே பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வருஷக்கணக்காக ஊசி குத்திக் குத்தி அவருடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. எந்தத் தொடுதிரையும் அவற்றை விரல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அவரிடம் இருந்தது ஒரு பட்டன் போன்.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் ஸ்டீவனுக்கு வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பேச்சுத்தான் பேச்சு. "எத்தன இஞ்சுங்க? பூப்போட்டதா, பிளேனா?" கடையைச் சாத்தி மாடி ஏறினால் அதுவும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்காக அவர் திங்கட்கிழமை காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்குவார்.

அந்த ஞாயிறு எப்படி இருக்கும் தெரியுமா? மகிமா வருவாள். "அப்பா, சாப்ட்டீகளா?" என்பாள். இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். மறுபடி வருவாள். "அப்பா, இருக்கீகளா?" என்பாள். "இருக்கேன்த்தா" என்பார். அந்த நேரம் பார்த்து லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டு, திரை நீலமாகி, செத்துப்போகும். அதை உயிர்ப்பிப்பதற்குள் பட்டன் போன் அடிக்கும். "கட்டாயிருச்சுப்பா, இருங்க, திரும்பப் போடுறேன்." இப்படியே பொழுது சாய்ந்து, விளக்குப் போட்டு, மேகமலைப் பக்கம் இருட்டுகிறவரைக்கும் நடக்கும். மகள் முகத்தை ஒரே ஒருதடவை அறுந்துபோகாமல் பார்த்துப் பேசிவிட வேண்டும், ஸ்டீவனுக்கு அதற்குமேல் ஆசை இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வந்த அன்றே ஸ்டீவன் அதற்கு ஓர் உறை தைத்தார். அரக்குக் கலர் ரெக்சின், உள்ளே தடித்த பஞ்சு. திரைக்கும் எழுத்துப் பட்டைக்கும் வயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார். அடியில் வரிசையாக ஓட்டைகள் இருப்பதைக் கண்டு, 'இது வழியாத் தூசி போகுமே' என்று பதறி, அந்த இடத்தில் பஞ்சை இரட்டையாக வைத்து அடைத்திருந்தார். வைஃபை பெட்டிக்கு, கார் உறை தைத்ததில் மிஞ்சிய வெள்ளி பூசிய துணி. வெயிலே உள்ளே புகாத துணி. பெட்டியின் பச்சை விளக்கு தெரிவதற்குச் சின்னதாகப் பிளாஸ்டிக் ஜன்னல்கூட வைத்திருந்தார்.

நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விரைவொளி பிராட்பேண்ட் என்கிற கம்பெனியில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

முதலில் கார்த்திக்ராஜ் வந்தான். விரைவொளியின் டெக்னீசியன், இடுப்பில் ஏகப்பட்ட கருவிகள். ஜன்னல் ஓரம் நின்று தன் சொந்த செல்போனில், தன் சொந்த சிம்மில் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, "நம்ம சைடு பக்காண்ணே. ஸ்பீடு பிச்சுக்கிட்டுப் போகுது" என்றான். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தான்.

"அடேயப்பா! இது எங்கனண்ணே வாங்குனீக?"

"நான் தச்சதுதான் தம்பி."

"ஜன்னலெல்லாம் வச்சிருக்கீகளே! நான் பாத்த வீட்டுலயெல்லாம் பெட்டிய அம்மணமாப் போட்டு வச்சிருக்காக. நீங்கதான்ணே ஒரு மரியாதையா வச்சிருக்கீக." தடவித் தடவிப் பார்த்தான். "சரி, போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"பிரச்சன சரியாயிருச்சுன்னு."

"சரியாகலையே தம்பி."

கார்த்திக்ராஜ் பொறுமையாக விளக்கினான். "சரியாயிருச்சுன்னு சொன்னாத்தான் இந்தப் புகார முடிக்க முடியும்ண்ணே. இத முடிச்சாத்தான் சரியாகலைன்னு அடுத்த புகார் எடுப்பாக."

ஸ்டீவன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. ஓடிபியைச் சொன்னார். கார்த்திக்ராஜ் படி இறங்குவதற்குள் பட்டன் போனில் தகவல் வந்தது: 'தாங்கள் மனநிறைவு அடைந்தீர்கள். நன்றி.' தனக்குத் தெரியாமல் இது எப்போது நடந்தது என்று ஸ்டீவன் கொஞ்ச நேரம் அந்தத் தகவலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மறுபடி புகார் கொடுத்தார். மறுபடி கார்த்திக்ராஜ், மறுபடி ஓடிபி, மறுபடி மனநிறைவு. நாலாவது தடவை வந்தபோது தன் பைக் சீட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான்.

லேப்டாப்பில்தான் கோளாறோ என்று அதைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனார். பஸ் கூட்டத்தில் உறை கசங்கிவிடும் என்று அதை மட்டும் கழற்றிப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். சர்வீஸ் கடையில் அதை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார்கள். குதிரையாக ஓடியது. "மிஷின் தங்கம்ணே. கோளாறு ஒங்க நெட்டுலதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். நெட்காரன் மிஷினைச் சொல்கிறான், மிஷின்காரன் நெட்டைச் சொல்கிறான். வீட்டுக்கு வந்து, பாவம் அலைச்சலில் களைத்திருக்கும் என்று உறையை நன்றாக இழுத்து மாட்டினார். அன்றைக்கு அது அரைமணி நேரத்திலேயே செத்தது.

இப்படிப் புகாராகக் கொடுத்து மனநிறைவாக அடைந்துகொண்டிருந்தவர் வீட்டுக்கு ஒருநாள் விஜய்ராஜ் வந்தார். விஜய்ராஜ் விரைவொளியின் மாவட்ட மனநிறைவு மேலாளர். டை கட்டியிருந்தார். ஸ்டீவன் பதறிப்போனார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

"ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். மாவட்டத்துலயே அதிகமா மனநிறைவு அடைஞ்ச வாடிக்கையாளர் நீங்கதான், தெரியுமா?"

"நெட்டு வரவே இல்லீங்களே சார்."

"அது வேற துறை." விஜய்ராஜ் சோபாவில் உட்கார்ந்தார், அதன் உறையைப் பாராட்டினார், பிறகு மேடையில் பேசுகிற குரலுக்கு மாறினார். "ஐயா, புகார் என்பது என்ன? ஒரு மனிதர் நம்மை நினைக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. நெட் நன்றாக வருகிற வீட்டில் நம்மை யார் நினைக்கிறார்கள்? மாதாமாதம் கட்டணத்தைக் கட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். நன்றாக ஓடினால் உறவு செத்துவிடும் ஐயா. அறுந்து அறுந்து வரும்போதுதான் அவர் நம்மைக் கூப்பிடுகிறார், நாம் ஓடி வருகிறோம், இரண்டு வார்த்தை பேசுகிறோம். விரைவொளி விற்பது வேகம் அல்ல, உறவு!"

வீட்டில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால் ஸ்டீவன் தலையாட்டினார். பேச்சு முடிந்ததும் விஜய்ராஜின் கண் வெள்ளி உறையில் நின்றது. எழுந்து போய்க் குனிந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். "இதுல நம்ம கம்பெனி முத்திரையப் போட்டுத் தைக்க முடியுமா?"

அப்படித்தான் 'மரியாதை உறைத் திட்டம்' வந்தது. ஸ்டீவன் இன்னும் இரண்டு தையல்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இரவு பகலாகத் தைத்தார். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும், உத்தமபாளையத்து மாடி வீடு, பண்ணைப்புரத்துத் தோட்டத்து வீடு என்று விரைவொளியின் பெட்டி இருந்த இடத்துக்கெல்லாம் கார்த்திக்ராஜ் போய், முத்திரை போட்ட வெள்ளி உறையை மாட்டி, படம் பிடித்து அனுப்பிவிட்டு வந்தான். கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர்களுக்கும் அரக்கு ரெக்சினில் பஞ்சு வைத்து மாட்டினார்கள்.

அதற்குப்பின் பள்ளத்தாக்கு முழுவதும் நெட் ஊர்ந்தது. ஏல விலை பார்க்கிற ஏலக்காய் வியாபாரி முந்தாநாள் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்லைன் கிளாஸில் வாத்தியார் போர்டில் எழுதக் கையைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். உத்தமபாளையத்தில் ரம்லத் என்கிற அம்மாள், துபாயில் இருக்கும் மகனின் நிச்சயதார்த்தப் பேச்சில் பெண் வீட்டார் 'சம்மதம்' என்கிறார்களா 'இல்லை' என்கிறார்களா என்று தெரிவதற்குள் படம் நின்றுபோக, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். விரைவொளி ஆபீசில் கம்ப்யூட்டர்கள் சூடாகி ஒவ்வொன்றாக விழுந்தன. புகார்கள் குவிந்தன.

கம்பெனி ஆடிப்போயிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? குவிந்த புகார் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓடிபி. ஓடிபி ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிறைவு. மாநிலத்திலேயே மனநிறைவில் முதலிடம் தேனி மாவட்டம் என்று அறிவிப்பு வந்தது. உறை வந்த மாதத்திலிருந்துதான் மனநிறைவு ஏறியிருக்கிறது என்பதையும் கிராஃப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, உண்மையும் அதுதானே.

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா ஏற்பாடானது. ஸ்டீவனுக்கு 'மனநிறைவுச் செம்மல்' பட்டம்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலமா? சார், அப்பத்தான் என் மக கூப்பிடுவா" என்றார் ஸ்டீவன்.

"கூப்பிடட்டும். அதத்தான் பெரிய திரையில காட்டப்போறோம். நேரடிச் செயல்விளக்கம்!" என்றார் விஜய்ராஜ்.

லேப்டாப்பை உறையோடு தூக்கிக்கொண்டு போனார் ஸ்டீவன். இந்த முறை பஸ் இல்லை, கம்பெனி கார். மேடையில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, வரவேற்புரைக்கு நன்றியுரையும் முடிந்திருந்தது. மண்டபத்துக்குப் புதிதாக ஒரு வைஃபை பெட்டி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உறைகள் தீர்ந்துபோயிருந்ததால் அது வெறுமனே இருந்தது. மண்டலத் தலைவர் சுபாஸ்ரீ மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். பட்டுப்புடவையும் கழுத்தில் அடையாள அட்டையும்.

"வேகத்தை எந்தக் கம்பெனியும் கொடுக்கும்" என்று சுபாஸ்ரீ மேடம் பேசினார். "ஆனால் வேகமாக வந்தது வேகமாகப் போய்விடும். நாங்கள் மக்களுக்குக் காத்திருக்கும் பண்பைக் கற்றுத்தந்திருக்கிறோம். இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டில்கூட நெட் சரியாக வரவில்லை. ஆனால் ஒரு வீட்டில்கூட மனநிறைவு குறையவில்லை. இதைவிட ஒரு கம்பெனிக்கு வேறென்ன பெருமை வேண்டும்?" கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்போது படம் எடுக்கிறவர் குறுக்கே வந்தார். "சார், அந்த அரக்கு உறை பின்னாடி பேனரோட சண்ட போடுது. கழத்தச் சொல்லுங்க."

ஸ்டீவன் தயங்கினார். பெற்ற பிள்ளையின் சட்டையைக் கழற்றி மேடையில் நிறுத்துவதுபோல இருந்தது அவருக்கு. விஜய்ராஜ் கண்ணைக் காட்டவே, கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகிமா வந்தாள்.

பெரிய திரை முழுக்க அவள் முகம். நடுங்கவில்லை, நிற்கவில்லை, கட்டம் கட்டமாக உடையவில்லை. அவள் பின்னால் இருந்த ஜன்னலில் வெளியே தூறல் விழுவதுகூடத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இது எப்போது வந்தது? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லையோ? ஸ்டீவன் மைக்குக் கிட்டே குனிந்தார். "ஆத்தா" என்று வாயெடுத்தார். விஜய்ராஜ் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"வணக்கம் மகிமா மேடம்! விரைவொளி மூலமாக உங்கள் தந்தையைப் பார்க்கும் இந்த நொடியில் உங்கள் உணர்வு என்ன?"

"அது... நல்லாத் தெரியுதுங்க" என்றாள் மகிமா மிரண்டுபோய். மைக் சுபாஸ்ரீ மேடத்திடம் போனது. மேடம் அயர்லாந்தைப் பற்றியும் தமிழர் பண்பாடு பற்றியும் மகிமாவிடம் பேசினார். பிறகு, 'நேரம் கருதி' என்றார்கள்.

"அப்பா, விசேஷத்துல இருக்கீக. அடுத்த வாரம் கூப்பிடுறேன், சரியா?" என்றாள் மகிமா. அறுந்துபோகாமல், தெளிவாக, போனாள். ஸ்டீவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

விழா முடிந்ததும் கம்பெனி கார் மேடத்தைக் கொண்டுவிடப் போய்விட்டது. ஸ்டீவன் பஸ்ஸில் திரும்பினார். மடியில் லேப்டாப், தோளில் பொன்னாடை, கையில் உறை. வீரபாண்டி தாண்டும்போது அந்தத் தடித்த பஞ்சுக்குள் கை சுடச்சுட வியர்ப்பதை உணர்ந்தார். லேப்டாப்பின் அடியில் தான் அடைத்துவைத்த ஓட்டைகள் நினைவுக்கு வந்தன. தேனி சர்வீஸ் கடை நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் உறையில்லாமல் இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. "அட கடவுளே" என்றார் சத்தமாக. பக்கத்து சீட்டுக்காரர் பொன்னாடையைப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

ஊரையே தான் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போன் போட்டார். எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வந்தது.

"நெட்டு ஏன் மெதுவா வருதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்ம்மா. உறைதான். எல்லா வீட்டுலயும் கழத்தச் சொல்லுங்க."

"தாங்கள் பதிவு செய்ய விரும்பும் குறை என்ன ஐயா?"

"குறை இல்லம்மா. காரணம் சொல்றேன்."

"மன்னிக்கவும் ஐயா. காரணம் என்ற பிரிவு எங்களிடம் இல்லை. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

விஜய்ராஜிடமே நேரில் போய்ச் சொன்னார். விஜய்ராஜ் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செம்மல் நீங்களே இப்படிப் பேசலாமா? உறைய எடுத்தா நெட்டு வந்திரும். நெட்டு வந்தா புகார் நின்னுரும். புகார் இல்லாம மனநிறைவு எங்கிட்டிருந்து வரும் சொல்லுங்க?" மேசை மேல் இருந்த அவருடைய கம்ப்யூட்டர் அரக்கு உறைக்குள் பெருமூச்சு விட்டுச் செத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்டீவன் வீட்டுக்கு வந்தார். தன் வீட்டிலாவது சரியாக இருக்கட்டும் என்று இரண்டு உறைகளையும் கழற்றித் துவைத்துக் காயப்போட்டு, மடித்து நாற்காலியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலையைச் சீவிக்கொண்டு, மகளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தாள். தெளிவாக இருந்தாள்.

"அப்பா, சாப்ட்டீகளா?"

"சாப்ட்டேன்த்தா. கண்ணு ஏன் இப்படிக் கருத்துக் கெடக்கு? தூங்குறதில்லையா?"

"நைட் டூட்டிப்பா. ஒண்ணுமில்ல. பிரஷர் மாத்திர போடுறீகளா?"

"போடுறேன். அங்கன மழையா?"

"எப்பவும் மழதான். அங்கன?"

"இங்கன வெயிலு."

"ம்."

"ம்."

அவ்வளவுதான். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. முன்பெல்லாம் பேச்சு நின்றால் நெட்டைத் திட்டலாம், கம்பெனியைத் திட்டலாம், ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். திரும்பக் கூப்பிட்டு, எங்கே விட்டோம் என்று தேடி, சொன்னதையே மறுபடி சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்குத் திட்டுவதற்கு யாருமில்லை. மகள் முகம் அசையாமல் இருந்தது, ஆனால் படம் நின்றுவிடவில்லை. அவள் கண்கள் ஓரமாக எதையோ பார்த்துத் திரும்பின.

"வேற என்னப்பா?"

"வேற என்னத்தா."

"நல்லவேள, நெட்டு சரியாயிருச்சு. முந்தியெல்லாம் ஞாயித்துக்கெழம பொழுதே இதுலயே போயிரும். சரிப்பா, துணி தொவைக்கணும். வச்சிரவா?"

வெளியே இன்னும் நல்ல வெயில். இருட்டுவதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அதற்குப்பின் திங்கள், செவ்வாய், புதன். விஜய்ராஜ் சோபாவில் உட்கார்ந்து பேசியது ஸ்டீவனுக்கு ஞாபகம் வந்தது. நன்றாக ஓடினால் உறவு செத்துவிடும் ஐயா. பாவி மனுஷன், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

"இருத்தா, ஒரு நிமிசம்" என்றார்.

நாற்காலியிலிருந்து வெள்ளி உறையை எடுத்தார்.

"என்னப்பா பண்றீக?"

"ஒண்ணுமில்லத்தா. தூசி விழுகுது." பெட்டியின் மேல் உறையை மாட்டி, அடிவரைக்கும் இழுத்துவிட்டு, ஜன்னலைச் சரிசெய்தார்.

மகிமா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. "அப்... இருக்... கீக..." என்று துண்டு துண்டாகக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஸ்டீவன் அரக்கு உறையை எடுத்து லேப்டாப்புக்கும் மாட்டினார். 

பட்டன் போன் அடித்தது.

"என்னப்பா இது, மறுபடியும் கட்டாயிருச்சு! சரியாயிருச்சுன்னு பட்டமெல்லாம் குடுத்தாகளே?" என்றாள் மகிமா. சிரித்தாள். "இவனுகள நம்பவே முடியாதுப்பா. சரி, வைங்க, திரும்பப் போடுறேன். அங்கனயே இருக்கீகள்ல?"

"இருக்கேன்த்தா" என்றார் ஸ்டீவன். "இங்கனதான் இருக்கேன். நீ கூப்பிடு."